எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

"என்ன படிக்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படுகிற தொனி எனக்குப் பிடிப்பதில்லை. வைத்தியரிடம் போய்ப் பத்தியம் கேட்கிறவரின் தொனி அது. தனக்குப் பிடித்தது எதுவோ அது தனக்கு ஆகாது என்று முன்னாலேயே முடிவு கட்டிக்கொண்டு, கசப்பாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வந்து நிற்கிறார்கள்.

வாசகர்களுக்கு இந்த மனநிலையை உண்டாக்கியவர்கள் விமரிசகர்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் மனத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மர்ம நாவல் முதல் படி. குடும்ப நாவல் அடுத்த படி. அதற்கு மேலே இலக்கியத் தரமுள்ள நாவல், அதற்கும் மேலே காவியம், உச்சியில் ஆராய்ச்சி நூல். மேலே ஏறியவர் கீழே திரும்பிப் பார்க்கக் கூடாது. கீழே நிற்பவர் வெட்கப்பட வேண்டும். இதுதான் படிக்கட்டின் சட்டம்.

இந்தப் படிக்கட்டு பொய் என்பது என் கட்சி. நான் பெரிய படிப்பாளி அல்ல. கல்லூரியில் இரண்டு ஆண்டோடு என் படிப்பு நின்றது. பிறகு படித்ததெல்லாம் கையில் கிடைத்ததைத்தான். அப்படிப் படித்ததில் எனக்குப் புலப்பட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மர்ம நாவலும் ஆராய்ச்சி நூலும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. 'என்ன நடந்தது?' என்பது ஒன்று. 'அது உனக்கு எப்படித் தெரியும்?' என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு நாணயமாகப் பதில் சொல்லும் புத்தகம் நல்ல புத்தகம். அது மாத நாவலாக இருந்தாலும் சரி, பல்கலைக்கழக வெளியீடாக இருந்தாலும் சரி.

இது வெறும் தர்க்கம் அல்ல. எங்கள் கணியம்பாடியிலிருந்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ராஜேஷ்குமாரின் மாத நாவல்களைப் படிப்பார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது கையில் புத்தகம் இல்லை.

"இப்போதெல்லாம் படிக்கிறதில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"விட்டுட்டேன் சார். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வாத்தியாரு. இதெல்லாம் குப்பை, எதுக்குப் படிக்கிறேன்னு சொன்னாரு."

"சரி, அதற்குப் பதிலாக என்ன படிக்கிறீர்கள்?"

"ஒண்ணும் இல்ல சார். போன்தான் பாத்துக்கிட்டுப் போறேன்."

அந்த ஆசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் விளைவு என்ன? குப்பை போகவில்லை, படிப்புதான் போயிற்று. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அத்தனையும் நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவற்றைப் படிக்கும்போது அந்தப் பெண் பக்கத்துக்குப் பக்கம் ஒருவர்மேல் சந்தேகப்பட்டு, ஆதாரத்தை எடைபோட்டு, சந்தேகத்தை மாற்றிக்கொண்டு வந்தார். போனில் வரும் செய்தியிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் கைநழுவிப் போனதுதான் நஷ்டம்.

இந்தப் பக்கத்து வாசகர்கள் மர்ம நாவலைப் பற்றி வெட்கப்படவே தேவையில்லை. வேலூரிலிருந்து தெற்கே கணியம்பாடி வழியாகக் கண்ணமங்கலம் போய்க் கிழக்கே திரும்பினால் வருவது ஆரணி. தமிழில் துப்பறியும் கதையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையான ஒருவர் அந்த ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்: ஆரணி குப்புசாமி முதலியார். 1925-ல் காலமானார். 1915-ல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். லண்டன் நகரத்து மர்மங்களை வாரம் ஒரு பென்னிக்கு விற்ற ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரைத் தமிழ் வேஷம் கட்டி இங்கே நடமாடவிட்டவர். அவரோடு சேர்த்து இரண்டு பெயர்களைச் சொல்லவேண்டும். துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே. ஆர். ரங்கராஜு ஒருவர், திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் மற்றவர்.

இவர்களுடைய நாவல்களை இன்று எடுத்துப் படித்தால் குறைகள் கண்ணில் குத்தும். மாறுவேடம் போட்டவனைப் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது. அவசரமான சமயத்தில் அவசரமான ஆள் தற்செயலாக எதிரில் வருவான். நடுநடுவே நீதி உபதேசம் பக்கம் பக்கமாக ஓடும். கதை வேறு தேசத்தில் பிறந்தது என்பதை நம்மூர்ப் பெயர்கள் முழுக்க மறைத்துவிடுவதும் இல்லை. இவையெல்லாம் உண்மையான குறைகள். ஆனாலும் தமிழ் உரைநடையில் கதையை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போக முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். பின்னால் வந்த எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கான வாசகர்களைத் தயார் செய்து வைத்துவிட்டுப் போனவர்களும் இவர்களே.

இவர்களைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற வாசகர் எங்கே போவார்? ஓர் ஆராய்ச்சி நூலுக்குத்தான் போகவேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' 2002-ல் வெளிவந்தது. மெல்லிய புத்தகம். பலர் கூடி உட்கார்ந்து ஒருவர் உரக்க வாசிக்கக் கேட்ட வழக்கம் போய், தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்படி வந்தது, அதில் நாவலுக்கு என்ன பங்கு என்பதை அது ஆராய்கிறது. துப்பறியும் நாவல்கள் பெருகியதையும், பெரியவர்களும் பத்திரிகைகளும் அவற்றைத் திட்டித் தீர்த்ததையும் எடுத்துக் காட்டுகிறது. பெண்கள் நாவல் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை அந்தக் காலத்திலேயே இருந்ததையும் அதன் மூலம் தெரிந்துகொள்ளலாம். ஷூ கம்பெனிப் பெண்ணிடம் அந்த வாத்தியார் சொன்ன வார்த்தை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ஏறக்குறைய நூறு வருஷத்துப் பழைய சரக்கு. இதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பெண்ணுக்குப் பாதி வெட்கம் போய்விடும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. யாரோ ஒருவர் அந்தக் குப்பையைச் சேர்த்து வைத்திராவிட்டால் இத்தகைய ஆராய்ச்சியே நடந்திராது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய நாவல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று எதையும் தள்ளாமல் திரட்டினார். அவர் 1992-ல் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள். படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிறவர்கள், முதல் படியில் கிடந்ததைத் தேடிக்கொண்டு கீழே இறங்கி வருகிறார்கள்!

சரி, ஆராய்ச்சி நூலில் மர்ம நாவலின் ருசி உண்டா என்று கேட்கலாம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்ற புத்தகத்தைப் பரம சாதுவான பெரியவர் ஒருவரின் சுயசரிதை என்று எண்ணிப் பலர் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய துப்பறியும் கதை தமிழில் இல்லை என்பேன். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார் என்ற முன்சீப் அவரிடம், சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில் கதை தொடங்குகிறது. ஏட்டுச் சுவடி கிடைக்கிறது, பொருள் விளங்கவில்லை. உரையில் யார் யாரோ மேற்கோளாக வருகிறார்கள்; அவர்கள் எந்த நூலைச் சேர்ந்தவர்கள் என்று தெரியவில்லை. சமணர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கிறார், புதிர் அவிழ்கிறது. ஏழு வருஷம் கழித்து, 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகிறது.

மணிமேகலை விஷயம் இன்னும் விசேஷம். நூல் கையில் இருக்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்தது என்றே தெரியவில்லை. கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியாரிடம் பேசும்போதுதான் அது பௌத்த நூல் என்பது உறுதியாகிறது. பௌத்தர்களே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, பௌத்த காவியம் ஒன்றை 1898-ல் பதிப்பித்து வெளியிடுகிறார். கொலை இல்லை, துப்பாக்கி இல்லை, மாறுவேடம் இல்லை. ஆனால் துப்பு ஒவ்வொன்றும் நம் கண்முன்னால் வைக்கப்படுகிறது. துப்பறிபவர் திகைத்த இடத்தில் நாமும் திகைக்கிறோம். அவருக்கு வழி தெரிந்த இடத்தில் நமக்கும் தெரிகிறது. மர்மக் கதைக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா?

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஓர் அகலமான பாலம் போட்டவர் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னைச் சரித்திர நாவல் என்று சொல்லுகிறோம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதான் அதன் முதுகெலும்பு. ஆகவே அது மர்ம நாவலும் ஆகும். அந்த மர்மம் கல்கியின் கற்பனை அல்ல. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைக் குறித்து அரசன் அனுப்பிய உத்தரவை அது சொல்லுகிறது. ரவிதாசன் என்ற பெயர் அதிலேயே இருக்கிறது. பின்னால் நின்று ஏவியவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை.

இல்லாத அந்த வரிக்காகத்தான் சரித்திர ஆசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அதை ஏற்க மறுத்தார். இரண்டு பேர் முன்னாலும் இருந்தது ஒரே கல்வெட்டு, ஒரே செப்பேடு. முடிவுகள் வேறு. பொன்னியின் செல்வனை முடித்துவிட்டு ஏங்கி உட்கார்ந்திருக்கும் வாசகர் அடுத்து இன்னொரு சரித்திர நாவலைத் தேடி ஓடுவானேன்? பண்டாரத்தாரை எடுத்துப் பார்க்கட்டும். கதை அங்கே தொடர்கிறது. காலாற நடந்து பார்க்கவும் இடம் உண்டு. நம்முடைய வேலூர் மாவட்டத்திலேயே, பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாகக் கட்டிய கோயில் நிற்கிறது.

இதுவரை ஆராய்ச்சி நூலின் பக்கம் நின்று பேசினேன். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆராய்ச்சி என்ற பெயர் இருந்தால் எல்லாம் உயர்ந்ததாகிவிடாது. திகம்பர சாமியாரைப் படைத்த அதே வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நெடுங்காலமாகக் காணாமற்போன கண்ணிகள் என்பது அதன் தலைப்பின் பொருள். பழங்கால உலக மதங்களின் மூலத்தையெல்லாம் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அவர் அதில் வாதாடினார். இன்றைக்கு அதை எந்தச் சரித்திர ஆசிரியரும் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய 'மேனகா'வை வாங்கிப் படிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே கை எழுதிய இரண்டில் நாவல் பிழைத்தது, ஆராய்ச்சி பிழைக்கவில்லை. காரணம் எளிது. நாவலில் கண்டுபிடித்தது கற்பனை என்று எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். ஆராய்ச்சியிலோ முடிவை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு அதற்குத் தோதாக ஆதாரத்தைத் தேடுவது பெரிய ஆபத்து. துப்பறியும் நாவலில் அப்படிச் செய்கிற இன்ஸ்பெக்டரைக் கண்டு நாம் சிரிக்கிறோம். நிரபராதியைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அவர்தான். நம் குலப் பெருமை, ஊர்ப் பெருமை, மொழிப் பெருமை பேசும் 'ஆராய்ச்சி'களைப் படிக்கும்போதும் இந்தச் சிரிப்பு நமக்கு வரவேண்டும். வராவிட்டால் நாம் படித்த துப்பறியும் நாவல்கள் வீண்.

வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அகழியைச் சுற்றிப் பஸ்ஸில் போகும்போது நாமெல்லாம் பார்க்கிற கோட்டைதான். 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி, விடிவதற்கு முன்னால், உள்ளே இருந்த சிப்பாய்கள் வெள்ளைக்காரப் படைமீது பாய்ந்தார்கள். காரணங்களில் ஒன்று ஒரு தலைப்பாகை. புதிய மாதிரித் தலைப்பாகை அணியவேண்டும், நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் இருந்தது. தோல் பதனிட்டே வயிறு வளர்க்கும் ஜில்லாவில் ஒரு தோல் துண்டு கோட்டையையே உலுக்கிவிட்டதென்றால் விசித்திரமாக இல்லையா?

அதே கோட்டைக்குள் அப்போது திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். முந்தின நாள்தான் திப்புவின் மகளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சில வாரங்களுக்கு முன்பே சதி நடக்கிறது என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சொல்லி அவனையே சிறையில் போட்டார்கள். கலகம் தொடங்கின அன்று காலையிலேயே ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து கோட்டையைப் பிடித்தான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறு வருஷமே கவர்னர் பெண்டிங்கையும் படைத்தலைவர் கிராடக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

இது மர்ம நாவல் அல்லவென்றால் வேறு எது மர்ம நாவல்? தலைப்பாகைதான் காரணமா, அல்லது அரண்மனையில் தீட்டிய சதியா? சிப்பாய்களின் சம்பளக் குறையும் அவமானமும் எவ்வளவு தூரம் காரணம்? விசாரணைக் கமிஷன் ஒன்று சொல்லிற்று. பதவி போனவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேறொன்று சொன்னார்கள். பின்னால் வந்த சரித்திர ஆசிரியர்கள் அந்தக் கடிதங்களையெல்லாம் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். கா. அ. மணிக்குமார் போன்றவர்கள் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். நான் முன்னே சொன்ன பெண்ணிடம் இந்தக் கதையை முஸ்தபா பேக் வரைக்கும் சொல்லி நிறுத்தினேன். "அப்புறம் அவன் என்னா ஆனான் சார்?" என்றார். அந்த 'அப்புறம்' வந்துவிட்டால் போதும். முஸ்தபா பேக்குக்குப் பிற்பாடு அரசாங்கம் வெகுமதி கொடுத்தது என்பதை நான் சொல்லவில்லை. அதைப் புத்தகம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெகுஜன நாவல், ஆராய்ச்சி இரண்டுக்கும் ஒரே மனிதர் பொறுப்பாக இருந்ததும் நம் பக்கத்தில் உண்டு. பழைய வட ஆர்க்காட்டு ஜில்லாவில் பிறந்து வளர்ந்த மு. வரதராசனார், சங்க இலக்கியத்தில் இயற்கை என்ற பொருளை ஆராய்ந்து 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 'அகல் விளக்கு' நாவலுக்காக 1961-ல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். எனக்கு அவருடைய நாவல்களில் ஒரு குறை தோன்றுவதுண்டு. பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் ஆசிரியரே வந்து வகுப்பு நடத்திவிடுவார். ஆனால் அவருடைய 'தமிழ் இலக்கிய வரலாறு' கதை போல ஓடும். நாவலில் ஆசிரியராகவும், ஆராய்ச்சியில் கதாசிரியராகவும் இருந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

ஆகவே, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: கையில் இருக்கிற புத்தகத்தில். அடுத்த புத்தகத்தின் விலாசம் அதற்குள்ளேயே இருக்கிறது. முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆசிரியர் யாரிடம் கடன் வாங்கினார் என்பதை அங்கேதான் ஒப்புக்கொள்வார். அடிக்குறிப்பைக் கண்டு பயப்படாதீர்கள். அது சாட்சியின் பெயரும் முகவரியும். அடிக்குறிப்பே இல்லாமல் ஆராய்ச்சி என்று வருகிற புத்தகத்தைக் கண்டால் அப்போது பயப்படுங்கள். ஒரு ஆசிரியர் இன்னொருவரோடு சண்டை போட்டால் அந்த இன்னொருவரையும் தேடிப் படியுங்கள். எதிர்க்கட்சி வக்கீலைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை மர்ம நாவலில்கூட நாம் மன்னிப்பதில்லை.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்க நியாயம் இல்லை. கணக்கு ஆசிரியராக இருந்து நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். எந்த வாசகருக்கும் உரிய புத்தகம் ஒன்று உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது அவற்றின் சாரம். உயர்ந்த வாசகர், தாழ்ந்த வாசகர் என்று அவர் பிரிக்கவில்லை. அவருடைய முயற்சியின் பலனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஊர்ப்புறத்து நூலகத்தில் கேட்ட புத்தகம் இல்லையென்றால் மாவட்ட நூலகத்தில் கேட்கலாம். போன்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் காசில்லாமல் கிடைக்கின்றன.

நூலகத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதிவு செய்யப் போகும்போது, மர்ம நாவலை ஆராய்ச்சி நூலுக்கு அடியில் மறைத்துக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைக்கவேண்டாம். இரண்டையும் மேலே வைத்தே கொடுங்கள். பஸ்ஸில் ஒன்றைப் படியுங்கள். வீட்டில் மற்றதைப் படியுங்கள். இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு படியுங்கள்: "ஐயா, இது உமக்கு எப்படித் தெரியும்?" பதில் சொல்லாத புத்தகத்தை, அது எந்தப் படியில் இருந்தாலும், தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.